பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்னோ புளோவர் வாங்கும் முன்: எனக்கு நடந்ததும் நீங்கள் பார்க்க வேண்டியதும்

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்த ஸ்னோ புளோவர் (பாதையில் விழுந்த பனியை வாரி எறியும் மெஷின்) வாங்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் பார்க்கப் போவது அநேகமாக யாரோ பயன்படுத்திய பழைய மெஷின்தான். புகை தொடர்பான விதிகள் இறுகியதால், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய கம்பெனிகள் இந்த வகையை விட்டுவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டன. அதனால் எந்த மாடல், எத்தனை குதிரைசக்தி என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முன்னால் வைத்திருந்தவர் அதன் டாங்கில் என்ன ஊற்றினார் என்பதற்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். ஒரு பனிக்காலம் முழுக்கப் போய், மெஷினுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதியும் போய், அதற்கு மேல் ரிப்பேர் கடையிலும் தண்டம் அழுத பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. இதையெல்லாம் எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன்.

நான் ஏன் டூ ஸ்ட்ரோக் தேடினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்தக் காரணங்கள் இன்றும் எனக்குச் சரியாகத்தான் படுகின்றன. என் வீட்டு முன்பாதை குறுகலானது, தார் போட்டது, வாசலில் படிகள் உண்டு. மெஷினைத் தூக்கிப் படி ஏற்றி இறக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஃபோர் ஸ்ட்ரோக்கில் உள்ளது போன்ற வால்வுகள் கிடையாது, அடியில் தனியாக ஆயில் தேங்கும் அறை கிடையாது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எரிதல் நடக்கும். அதனால் சின்ன எஞ்சினிலேயே நல்ல சக்தி கிடைக்கும், எடையும் குறையும். இந்த வகை மெஷின்கள் பெரும்பாலும் 30 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். சாய்த்தாலும் ஆயில் கசியாது, ஆயில் மாற்றும் வேலையும் இல்லை. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றினால் போதும். பழைய மொபெட் ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் பழகிய கதைதான்.

விளம்பரங்களில் இன்னொரு குழப்பம் வரும். ஸ்ட்ரோக் என்பது எஞ்சின் வேலை செய்யும் முறை. ஸ்டேஜ் என்பது பனியைத் தூக்கி எறியும் முறை. சிங்கிள் ஸ்டேஜ் மெஷினில் தரையைத் தொட்டபடி சுற்றும் ரப்பர்த் துடுப்பே (இதைத்தான் ‘பேடில்’ என்கிறேன்) பனியை வாரி நேராக வெளியே வீசிவிடும். டூ ஸ்டேஜில் முன்னால் உள்ள இரும்புத் திருகு பனியை உடைத்து உள்ளே தள்ளும், பின்னால் இருக்கும் விசிறி அதை எறியும், சக்கரங்கள் எஞ்சின் சக்தியில் தாமாக நகரும். நீங்கள் பார்க்கும் டூ ஸ்ட்ரோக் மெஷின்கள் ஏறக்குறைய எல்லாமே சிங்கிள் ஸ்டேஜ்தான். அவை தார் அல்லது கான்கிரீட் தரைக்குத்தான் லாயக்கு. ஜல்லிப் பாதையில் ஓட்டினால் ரப்பர் பேடில் கல்லையும் சேர்த்து வாரி எறியும், அது யார் மேல் போய் விழும் என்று சொல்ல முடியாது. முழங்கால் அளவு பனி அடிக்கடி விழும் இடத்திலும் இது தாங்காது. ஒரு சாண் உயரம் வரை வேகமாக, தரை தெரியும்படி சுத்தமாக எடுத்துவிடும். அதற்கு மேல் போனால் பாதி அகலம் பாதி அகலமாகப் பிடித்து, நிதானமாகத்தான் ஓட்ட வேண்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். விற்றவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மெஷினைத் துடைத்துப் பளபளவென்று வெளியே எடுத்து வைத்திருந்தார். கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்தார், எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. சத்தமும் நன்றாக இருந்தது. கைப்பிடிக் கம்பியை அழுத்தியதும் பேடில் சுற்றியது. அன்று தரையில் பனி இல்லை, அதனால் சுமையில் ஓட்டிப் பார்க்க வழியில்லை. கேட்ட விலையும் நியாயமாகப் பட்டது. வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். நான் போய் இறங்குவதற்கு முன்பே அவர் அதை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி வைத்திருந்தார் என்பது பின்னால்தான் புரிந்தது. சூடான எஞ்சின், சுமையே இல்லாத ஓட்டம், புதிதாக ஊற்றிய பெட்ரோல் என்று மூன்றும் சேர்ந்தால் தேய்ந்துபோன எஞ்சின்கூட நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

முதல் பெரிய பனி இரவில் பெய்தது. விடிவதற்கு முன்பே எழுந்து வெளியே வந்தேன். குளிர்ந்து கிடந்த எஞ்சின் எவ்வளவு இழுத்தும் பிடிக்கவில்லை. சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் விசை) போட்டு, பிரைமரை (எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளிவிடும் ரப்பர் குமிழ்) அழுத்தி, தோள் வலிக்கும் வரை இழுத்த பிறகு இருமிக்கொண்டே கிளம்பியது. பாதையில் கிடந்த லேசான பனியை ஓரளவு எடுத்தது. அதற்குள் தெருவைச் சுத்தம் செய்யும் வண்டி வந்து, வாசலின் குறுக்கே பனியைச் சுவராகத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. இந்தச் சுவரைப் பற்றி அனுபவப்படாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ இருக்கும். ஈரப்பனி 200, 300 கிலோ வரை போகும். தெரு வண்டி நசுக்கித் தள்ளிய பனி அதையும் தாண்டும். மெஷினுக்கு உண்மையான பரீட்சை அங்கேதான். என் மெஷின் அதில் வாய் வைத்ததும் முனகியது, சுற்று குறைந்தது, நின்றுவிட்டது. மறுபடி இழுத்தால் அசையவில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டு இழுத்தால் பிடித்தது, கொஞ்ச நேரம் ஓடியது, சூடானதும் மறுபடி நின்றது. கடைசியில் மண்வெட்டியை எடுத்துத்தான் அந்தச் சுவரை உடைத்தேன். வேலைக்குப் போக முடியவில்லை, சம்பளம் போனது. முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் கிடந்தபோது வந்த கோபமும் அவமானமும் இப்போது நினைத்தாலும் வருகிறது. பணம் கொடுத்து வாங்கிய பொருள் கண் முன்னால் நிற்க, கையால் பனி அள்ளுவது போன்ற வெறுப்பு வேறில்லை.

முதலில் எல்லோரும் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) அடைப்பு என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொல்வதில் நியாயம் உண்டு. பழைய மெஷின்களில் பாதித் தொல்லை அங்கிருந்துதான் வரும். ஒரு ரிப்பேர் கடையில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஸ்பார்க் பிளக் மாற்றி, பணமும் வாங்கிக்கொண்டார்கள். சரியாகவில்லை. பனி பெய்யும் நாட்களில் இந்தக் கடைகளில் வரிசை நீளம். மெஷின் அங்கே கிடக்க, நான் இங்கே மண்வெட்டியோடு இருந்தேன். அடுத்து வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன், வயதானவர். அவர் கார்புரேட்டர் பக்கமே போகவில்லை. சைலன்சரைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றினார், கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தினார், புகை வெளியேறும் துளையில் டார்ச் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். வழவழவென்று இருக்க வேண்டிய பிஸ்டனின் பக்கம் முழுக்க மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறியிருந்தது. சில இடங்களில் அலுமினியம் உருகி இழுபட்டு, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கின் ஓரத்தை மூடிக்கொண்டிருந்தது. அடுத்து பிளக் துளையில் அழுத்தம் பார்க்கும் மீட்டரைத் திருகி இழுத்தார். முள் பாதி வழிகூட ஏறவில்லை. யாரோ ஆயில் கலக்காத வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்றார் அவர். அந்த மாடலுக்குப் புதிய சிலிண்டரும் பிஸ்டனும் வருவது நின்றுவிட்டது. எங்காவது தேடிப் பிடித்துப் போட்டாலும் நான் மெஷினுக்குக் கொடுத்த விலையைத் தாண்டிவிடும். உதிரி பாகங்களுக்காகக் கேட்டவருக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்தேன்.

வெறும் பெட்ரோல் ஏன் இப்படிச் செய்கிறது என்றால், டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) பேரிங்குகளுக்கும் எண்ணெய் வேறு எங்கிருந்தும் வராது. பெட்ரோல் கலவை கிராங்க் அறை வழியாகப் போகும்போது அதில் கலந்திருக்கும் ஆயில்தான் எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு போகிறது. அது இல்லாவிட்டால் சில நிமிடங்களிலேயே உலோகம் உலோகத்தோடு உரசிச் சூடேறிப் பிஸ்டன் கீறிக்கொள்ளும். வீட்டில் இரண்டு கேன் இருக்கும். ஒன்று புல் வெட்டும் மெஷினுக்கான வெறும் பெட்ரோல், இன்னொன்று கலவை. அவசரத்தில் யாராவது மாற்றி ஊற்றிவிடுவார்கள். எஞ்சின் உடனே சாகாமல் அரை உயிரோடு தப்பிவிட்டால் அப்படியே விளம்பரத்துக்கு வந்துவிடும். கிராங்க் சீல் தேய்ந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் இதே கதிதான். கலவையில் பெட்ரோல் குறைந்து, கூடவே ஆயிலும் குறைந்து, சூடு ஏறிவிடும்.

ஆகவே பழைய மெஷின் பார்க்கப் போகும்போது, வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று போனிலேயே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்சர் பக்கம் கையைக் கிட்டக் கொண்டுபோங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அது முழுக்க ஆறும் வரை காத்திருங்கள், இல்லை இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் சோக்கும் பிரைமரும் போட்டுச் சில இழுப்புகளில் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு சோக்கை எடுத்தால் நிற்கக் கூடாது. பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, உடனே மறுபடி இழுத்துப் பாருங்கள். சூட்டில் திரும்பப் பிடிக்காத எஞ்சினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கயிற்றை மெதுவாக இழுக்கும்போது ஒரு இடத்தில் கையை எதிர்த்து நிற்கும் தடை தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் உள்ளே அழுத்தம் இல்லை என்று அர்த்தம். அழுத்த மீட்டர் ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள். பொதுவாக 100 பிஎஸ்ஐக்கு (மீட்டரில் காட்டும் அழுத்த அளவு) மேல் காட்டினால் நிம்மதி. 90-க்குக் கீழே இறங்கினால் குளிரில் தகராறு நிச்சயம். பிளக்கைக் கழற்றினால் நுனி பழுப்பு நிறமாக இருக்க வேண்டும். வெள்ளையாக வெளுத்திருந்தால் எஞ்சின் பெட்ரோல் பற்றாமல் சூட்டில் ஓடியிருக்கிறது. கருத்து ஈரமாக இருந்தால் ஆயிலோ பெட்ரோலோ அதிகம், அது அவ்வளவு பயப்பட வேண்டிய விஷயமில்லை.

இவற்றில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் சைலன்சரைக் கழற்றிப் பிஸ்டனைப் பாருங்கள். சில போல்ட்டுகள்தான், எஞ்சின் ஆறியிருந்தால் பத்து நிமிட வேலை. விற்பவர் முதலில் முகம் சுளிக்கலாம். வாங்கினால் முழு விலையும் தருகிறேன், பார்க்க மட்டும் விடுங்கள் என்று மரியாதையாகக் கேட்டால் மறைக்க ஒன்றுமில்லாதவர்கள் விட்டுவிடுவார்கள். பிஸ்டன் வழவழப்பாக, ரிங் தனியாகத் தெரியும்படி இருந்தால் எஞ்சின் பிழைத்தது.

மற்ற பாகங்கள் இவ்வளவு பயமுறுத்துபவை அல்ல. ரப்பர் பேடில் தேய்ந்தால் மெஷின் முன்னால் இழுக்காது, பனியும் பக்கத்திலேயே விழும். அடியில் இருக்கும் ஸ்கிரேப்பர் பட்டை தேய்ந்தால் தரையில் பனி ஒட்டிக்கொண்டு மிச்சம் நிற்கும். பெல்ட் தளர்ந்தால் எஞ்சின் உறுமும், பேடில் நின்றுவிடும். இவை மூன்றும் மாற்றக்கூடியவை. ஆனால் அந்த மாடலுக்கு இன்னும் கிடைக்கின்றனவா என்று வாங்கும் முன்பே பார்த்துவிட்டு, அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். பெட்ரோல் குழாயைக் கிள்ளிப் பாருங்கள், விறைத்து வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். பிரைமர் ரப்பர் விரிசல் விட்டிருந்தாலும் அப்படித்தான்.

விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்டால் பாதி உண்மை வந்துவிடும். பெட்ரோலில் ஆயில் எந்த அளவில் கலப்பீர்கள் என்று கேளுங்கள். உடனே பதில் சொல்லி, ஆயில் பாட்டிலையும் எடுத்துக் காட்டுபவர் மெஷினைப் பார்த்துக்கொண்டவர். யோசிப்பவரிடமும், அதெல்லாம் வேண்டாம் சும்மா பெட்ரோல் போதும் என்பவரிடமும் நிற்காமல் கிளம்பிவிடுங்கள். கலவை அளவு மாடலுக்கு மாடல் மாறும். 50-க்கு 1 என்றால் ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி ஆயில். 40-க்கு 1 என்றால் 125 மில்லி. பழைய எஞ்சின்கள் சில 32-க்கு 1 கேட்கும், அதற்கு 156 மில்லி. மெஷினின் மூடியிலோ மேனுவலிலோ எழுதியிருக்கும். பழைய மேனுவல்கள் பலவும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆயிலின் தரத்தையும் மேனுவல் சொல்கிறபடியே வாங்குங்கள். நான்கு சக்கர வண்டிக்கு ஊற்றும் எஞ்சின் ஆயில் இதற்கு ஆகாது. கடும் குளிரில் ஆயில் கெட்டியாகிப் பெட்ரோலோடு சேர மறுக்கும். அதனால் கலப்பதற்கு முன் ஆயில் பாட்டிலைக் கதகதப்பான இடத்தில் வைத்திருந்து, கலந்த பிறகு கேனை நன்றாகக் குலுக்கி, ஒவ்வொரு முறை ஊற்றும் முன்பும் குலுக்க வேண்டும். கலவைக் கேனுக்கு வேறு நிறம் வைத்து, அளவையும் தேதியையும் எழுதி ஒட்டுவது என் வீட்டில் இப்போது சட்டம். என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எது எது என்று காட்டியிருக்கிறேன்.

பெட்ரோல் விஷயத்தில் இன்னொன்று. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும், எஞ்சினுக்குள் போவது ஆயில் இல்லாத அந்த அடிச்சரக்குதான். 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் உள்ளதைத் தொடவே வேண்டாம், எத்தனால் இல்லாதது கிடைத்தால் நல்லது. இரண்டு மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஈரப்பனி வெளியேறும் வாயில் அடைத்துக்கொள்ளும். அங்கே கையை விடாதீர்கள். எஞ்சினை நிறுத்தி, பேடில் முழுக்க நின்ற பிறகு, கட்டையால் குத்தி எடுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் அடைப்பில் தேங்கிய இறுக்கம் விடுபட்டுப் பேடில் ஒரு சுற்றுத் துள்ளலாம், விரல் போக அது போதும். உள்பக்கம் சிலிகான் ஸ்ப்ரே அடித்தால் அடைப்பு வெகுவாகக் குறையும். டூ ஸ்ட்ரோக்கின் புகையும் சத்தமும் அதிகம். கராஜுக்குள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுகூட ஓடவிடாதீர்கள், வெளியே இழுத்து வந்து ஸ்டார்ட் செய்யுங்கள். காதுக்கு மூடி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த பனிக்காலத்துக்கு நான் மறுபடியும் டூ ஸ்ட்ரோக்தான் வாங்கினேன். தெரிந்தவர்கள் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அகலமான பாதை, ஜல்லித் தரை, அடிக்கடி ஆழமான பனி என்று இருப்பவர்கள் டூ ஸ்டேஜ் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குவதுதான் சரி. கலவை, புகை இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கும், பாதை சிறியதாக இருந்தால், பேட்டரி மெஷின்கள் இருக்கின்றன. என் பாதைக்கும் படிக்கும் இதுதான் பொருந்துகிறது. இரண்டாவது மெஷினைக் கோடையில் தேடினேன். பனி விழத் தொடங்கிவிட்டால் விற்பவர் வைத்ததுதான் விலை, நிதானமாகச் சோதிக்கவும் விடமாட்டார்கள். கோடையில் மடக்கி வைத்த மெஷின் ஆறிப் போய்த்தான் கிடக்கும், குளிர்ந்த ஸ்டார்ட்டை நம் கண்ணாலேயே பார்க்கலாம். சைலன்சரைக் கழற்றிப் பார்க்கச் சம்மதித்த மூதாட்டி ஒருவரிடம் வாங்கினேன். அவருடைய கணவர் கலவை அளவை மெஷினின் மூடியில் பெயின்ட்டால் எழுதி வைத்திருந்தார். பனிக்காலம் முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும் வரை ஓடவிட்டு, பிளக் துளையில் சில சொட்டு டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல இழுத்து உள்ளே பரவவிட்டு மூடி வைக்கிறேன்.